ஒரு டின் பிரேக் ஆயிலும் ஒரு சூரியகாந்தியும்

அத்தியாயம் 9

ஒர்க்‌ஷாப்புக்கு நான் நடந்தே போனேன். நாலு கிலோமீட்டர் ஏற்றம். மூன்று மாதமாக எனக்கு எல்லாமே நடை தூரம்தான். நான்கு சக்கரம் உள்ள எதிலும் ஏற முடிவதில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே முழங்கால் இரண்டும் தானாக நெஞ்சை நோக்கி வருகின்றன.

என் அண்ணன் கடைசியாகச் சொன்னது அதுதான். "காலைத் தூக்கிக்கோ."

பிரேக் மிதி மெத்தையில் கால் வைத்ததுபோல் அமுங்கித் தரையைத் தொட்டதை நான் பார்த்தேன். அவன் இரண்டாவது தடவை மிதிக்கவில்லை. ஒன்பதாவது வளைவில் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. தன் பக்கம் படும்படி பாறையில் கொண்டுபோய் மோதினான். எனக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவனுக்கு முப்பத்தாறு வயது.

அது இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். அவன் ஓட்டுவான், காரைப் பற்றிய புத்தகங்களை நான் படிப்பேன் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறவள் என்பதால், அந்தக் காருக்குள் எந்தத் திரவம் போக வேண்டும் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. கடைசியாக நான் வாங்கியது இன்ஜினுக்குப் பத்து-அறுபது ரக ஆயில், ஐந்து லிட்டர் கேன் ஒன்று. பிரேக்குக்கு டாட் ஃபோர் என்ற நாலாம் நம்பர் ஆயில், சின்ன டின் ஒன்று. புது ஆயில் ஊற்றிய மறுநாள் இன்ஜின் சத்தம் கேட்க நானும் அவனோடு ஒரு சுற்றுப் போவேன். அன்று காலையும் அப்படித்தான் ஏறினேன். என் கணவர் குனிந்து என் பெல்ட்டை மாட்டிவிட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"அடேங்கப்பா, மாப்பிள்ளைக்குப் பாசம் பொங்குது," என்று அண்ணன் சிரித்தான். என் கணவரைச் சீண்டாமல் அவனுக்குப் பொழுது விடியாது.

விபத்து அறிக்கையில் ஒரு வரி இருந்தது. 'பிரேக் ஆயில் சூடு தாங்காமல் கொதித்திருக்கலாம்.' குழாய் பிய்ந்து எல்லாம் ரோட்டில் ஓடிவிட்டதால் சோதித்துப் பார்க்க ஒரு சொட்டும் மிச்சமில்லை. அந்த ஒரு வரியோடுதான் நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"அஞ்சாம் நம்பர் இருக்கும்போது ஏம்மா நாலை வாங்கின?" என்று என் கணவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். பிறகு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்," என்றார்.

ஐந்து என்பது வேறு வகைத் திரவம், நாலோடு சேராது, அந்தக் காருக்கு ஆகாது. இது எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவேன். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குத் தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிடும். என் அண்ணனைக் கொன்றது நான் வாங்கிய டின்தானோ?

மேடத்தைத் தேடிப் போனதும் அதற்காகத்தான். குற்றவாளியைப் பிடித்துத் தரச் சொல்லவில்லை. 'நீதான்' என்று யாராவது நேராகச் சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தலை குனிந்துகொள்ளலாமே என்று போனேன்.

மேடம் வாகன விபத்துகளை மட்டுமே எடுத்து விசாரிப்பவர். நரைத்த கிராப்புத் தலை, குள்ளமான உருவம். பேச்சின் நடுவே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த மௌனத்தைத் தாங்காமல் எதிரில் இருப்பவர் எதையாவது உளறிவிடுவார். அவருடைய உதவியாளன் முன்பு டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்தவன். பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பயந்து பயந்து, கால் கிளட்சின் மேல் பாதியிலேயே நின்றுவிட்டதாம். அரைக்கிளட்ச் என்று அவனே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான்.

அன்று ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். தகரக் கூரை, நடுவில் காருக்கடியில் வேலை செய்ய ஒரு பள்ளம், சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள். என் கணவர் தன் ஸ்கூட்டரின் மேல் சாய்ந்து நின்றார். அரைக்கிளட்ச் அந்த ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"சார், வண்டி அப்படியே கண்ணாடி மாதிரி வெச்சிருக்கீங்க. ஆனா இந்தச் சூரியகாந்தி மட்டும் ஏன் சார்? பரு வந்த மாப்பிள்ளை கன்னத்துல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

கால் வைக்கும் இடத்துக்கு மேலே, முன் தகட்டின் உள்பக்கத்தில், ஒரு பெரிய மஞ்சள் சூரியகாந்தி ஸ்டிக்கர்.

"சும்மா, அழகா இருக்கேன்னு," என்றார் என் கணவர்.

நான் அதை அப்போதுதான் பார்த்தேன். சீட்டின் பிளாஸ்டிக் உறையை ஒரு வருஷம் வரை கிழிக்காமல் வைத்திருந்த மனிதர் அவர். என்னவோ, துக்கம் மனிதர்களை மாற்றிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் அண்ணன் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். என் அண்ணன் பதினெட்டு வயதில் முதல் கார் வாங்கியதிலிருந்து வேறு யாரையும் பானெட்டைத் திறக்கவிட்டதில்லை. இப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த டின் எப்படி வந்துச்சு?" என்று ஆரம்பித்தார் மேடம்.

"மாப்பிள்ளைதான் ஸ்கூட்டர்ல கொண்டாந்து கொடுத்தாரு. இன்ஜின் ஆயில் கேனும் பிரேக் டின்னும்."

"சீலோட?"

"சீலோடதான்," என்றார் மெக்கானிக்.

"சீலோடதான் கொடுத்தேன்," என்றார் என் கணவர் அதே மூச்சில்.

அரைக்கிளட்ச் கை தட்டினான். "ரெண்டு பேரும் ஒரே சுருதி. கச்சேரியே வெக்கலாம்."

மேடம் மேஜையிலிருந்த வேலைப் புத்தகத்தை எடுத்தார். மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. டின் மூடிக்கு அடியில் வட்டமாக ஒரு வெள்ளித்தாள் சீல் இருக்குமே, அதைக் கிழித்ததும் தூக்கிப் போட மாட்டார். அன்றைய பக்கத்தில் பசை தடவி ஒட்டிவிடுவார். புது டின்தான் ஊற்றினேன் என்பதற்கு வண்டிக்காரருக்கு அதுதான் சாட்சி.

மேடம் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். என் அண்ணன் கார் வந்த நாட்களில் எல்லாம் இரண்டு வட்டங்கள். ஆயில் கேனுடையது பெரியது, பிரேக் டின்னுடையது சின்னது. அப்பாவும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுபோல.

விபத்துக்கு முந்தின நாள் பக்கம் வந்தது. அங்கேயும் இரண்டு வட்டங்கள். இரண்டும் பெரியவை.

"அன்னிக்கு இன்ஜினுக்கு ரெண்டு கேன் ஊத்தினீங்களா?"

"ஆ... ஆமா மேடம்."

"ஒண்ணுதானே அண்ணே," என்றேன் நான். "ஒரு கேன்தான் நான் கொடுத்தனுப்பினேன்."

அரைக்கிளட்ச் புத்தகத்தின் மேல் குனிந்தான். "பிரேக் டின்னுக்கு இவ்வளவு பெரிய வாயா? எங்க மாமியாருக்கே இவ்வளவு கிடையாதே."

மெக்கானிக்கின் மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. கையிலிருந்த துணியை இறுக்கிப் பிழிந்தார். இந்தக் கையா? அண்ணனுக்குச் சோறு வைத்தால் இவருக்கும் ஒரு தட்டு வைத்த வீடாயிற்றே எங்களுடையது!

என் கணவர் மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார். "பாத்தியா?" என்று கிசுகிசுத்தார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவர் மெக்கானிக்கை மடக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது நீங்க வாங்கினதேதானா, பாத்துச் சொல்லுங்க."

அதே கம்பெனி, அதே டாட் ஃபோர், அதே அளவு. டின்னைத் திருப்பி லேபிளைப் படித்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அரைக்கிளட்ச் கார்ல இருக்கிற பழைய பிரேக் ஆயில முழுசா இறக்கிட்டு இதை ஊத்துங்க. எல்லார் முன்னாடியும். அப்புறம் இதே மலையில, அதே வேகத்துல, கீழே போறோம். இந்தம்மா வாங்கினதுதான் தப்புன்னா அது இன்னிக்கே தெரிஞ்சிடும்."

"மேடம், என் கார்ன்னு சொல்றீங்களே, என் உயிரும் அதுலதான் இருக்கு," என்றான் அரைக்கிளட்ச். சிரிப்பு இருந்த இடத்தில் அவனுக்குப் பல் மட்டும் தெரிந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மெக்கானிக் அண்ணன் காருக்கடியில் படுத்துக்கொண்டு, "மிதி... பிடிச்சுக்கோ... விடு," என்று சொல்ல, அரைக்கிளட்ச் உள்ளே உட்கார்ந்து மிதித்து மிதித்து விட்டான். ஒவ்வொரு 'மிதி'க்கும் என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. டின்னிலிருந்து கிழித்த சின்ன வெள்ளித்தாளை மேடம் வாங்கித் தன் நோட்டில் வைத்துக்கொண்டார்.

"யார் யார் வர்றீங்க?"

மெக்கானிக் பேசாமல் போய்ப் பின்சீட்டின் நடுவில் ஏறினார். பெல்ட்டைப் போட்டு, முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"நீ வேண்டாம்மா," என்றார் என் கணவர். "நான் போயிட்டு வந்து சொல்றேன்."

வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் யாரோ வந்து சொல்லி நான் நம்பும் விஷயமா இது? என் டின் கொல்லும் என்றால், அது என்னையும் சேர்த்துக் கொல்லட்டும். கதவைப் பிடித்தபடி ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"ஏறுங்கம்மா. கடிக்காது," என்றான் அரைக்கிளட்ச்.

பெல்ட்டின் நாக்கை அதன் பூட்டில் செருக எனக்கு நாலு தடவை ஆயிற்று. என் கணவர் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவோரம் உட்கார்ந்தார். முன்னால் உட்கார்ந்த மேடம், வெயில் மறைப்புப் பலகையை இறக்கி, அதிலிருந்த சின்னக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார்.

கார் இறங்கத் தொடங்கியது.

முதல் வளைவு. இரண்டாவது. அரைக்கிளட்ச் வேகத்தை ஏற்றினான், வளைவுக்கு முன்னால் அழுத்தி மிதித்தான், மறுபடி ஏற்றினான். அப்படிச் செய்தால்தான் பிரேக் சூடாகும். நாலாவது வளைவில் கருகல் வாசனை வந்தது. எனக்குத் தெரிந்த வாசனை. கண்ணை மூடினால் அண்ணனின் கை கியர் மேல் இருந்தது. திறந்தால் ரோடு எங்களை நோக்கி ஓடி வந்தது. ஐந்து. ஆறு. அரைக்கிளட்ச் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டிருந்தான். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஏழு. பக்கத்தில் மெக்கானிக், "மெதுவாப் போய்யா, பிரேக்கு நல்லாருக்கு, உன்னை நெனச்சாத்தான் பயமா இருக்கு," என்று முனகினார். எட்டு.

ஒன்பது.

பாறையில் அந்தச் சிவப்புத் தீற்றல் அப்படியே இருந்தது. எங்கள் காரின் சிவப்பு. என் இரண்டு கால்களும் சீட்டின் மேல் வந்துவிட்டன. கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். அரைக்கிளட்ச் முழு பலத்தோடு மிதித்தான்.

கார் நின்றது.

பாறைக்குப் பத்தடி முன்னால், நின்ற இடத்தில் ஒரு குலுக்கு குலுக்கி, நின்றுவிட்டது. புகை வந்தது. மிதி கீழே போகவில்லை.

"தாங்குச்சு," என்றான் அரைக்கிளட்ச். காலை மிதியிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. "அம்மா, உங்க டின்னு தாங்குச்சு."

நான் அழுதேன். மூன்று மாதத்தில் முதல் தடவை, எனக்காக இல்லாமல் அண்ணனுக்காக மட்டும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எல்லாரும் எப்படி உக்காந்திருக்கீங்களோ அப்படியே இருங்க," என்றார். "அரைக்கிளட்ச், உன் கை?"

"ஸ்டீயரிங்கோட ஒட்டிக்கிச்சு மேடம். பிரிச்செடுக்க நாலு நாளாகும்."

"மெக்கானிக் என் சீட்டைப் பிச்சிட்டாரு. இந்தம்மா கால் சீட்டு மேல. நான் மூணு வளைவுக்கு முன்னாடியே உதட்டைக் கடிச்சு ரத்தம் வந்திடுச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னால் திரும்பினார். "சார், நீங்க?"

என் கணவர் மடியில் போன் இருந்தது. திரையில் ஏதோ கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தோளில் பெல்ட் இல்லை.

"இந்த நாலாம் நம்பர் ஆயில், மலை இறக்கத்துல கொதிச்சு ஆளைக் கொல்லும்னு மூணு மாசமா இந்தம்மாவ நம்ப வெச்சவர் நீங்க ஒருத்தர்தான்," என்றார் மேடம். "இந்தக் கார்ல முதல்ல பயந்திருக்க வேண்டிய ஆளும் நீங்கதான். பெல்ட்டுகூடப் போடல. ஏன் சார் பயமில்ல?"

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"ஏன்னா நாலாம் நம்பர்ல தப்பே இல்லன்னு உங்களுக்குத் தெரியும். எதுல தப்புன்னும் தெரியும். பிரேக் ஆயில் பெயின்ட் மேல பட்டா பெயின்ட் உரிஞ்சிடும். சரிதானேம்மா, ரசாயன டீச்சர்?"

நான் தலையசைத்தேன். ஸ்கூட்டரும் அந்த மஞ்சள் பூவும் கண் முன் வந்தன.

"காலையில நீங்க டீ குடிக்கப் போனப்போ சூரியகாந்திய லேசா உரிச்சுப் பாத்தேன் சார்," என்றான் அரைக்கிளட்ச். இப்போது அவன் சிரிக்கவில்லை. "உள்ளே வெறும் தகரம்."

மெக்கானிக் அண்ணன் திடீரென்று என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. "டின்னுல சீல் இல்லம்மா. கேட்டேன். 'அவதான் திறந்து பாத்தா, ஊத்துங்க'ன்னாரு. நீ திறந்திருந்தா சரியாத்தான் இருக்கும்னு ஊத்திட்டேன். அப்புறம் தம்பி போயிட்டான். அண்ணனைப் பறிகொடுத்த புள்ள தலையில இதையும் வைக்கணுமான்னு, மேஜையில கெடந்த வேற ஒரு வண்டியோட சீலை எடுத்து நான்தான் ஒட்டினேன். அவசரத்துல பெருசு சின்னதுகூடப் பாக்கல. என்னை மன்னிச்சுடும்மா."

அவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். நான்தான் என்று நம்பிக்கொண்டே, எனக்காக.

"ஏங்க," என்றேன்.

என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பேசினார். "காலுக்கு நடுவுல வெச்சிருந்தேன். வேகத்தடையில ஏறினப்போ டின் சாஞ்சு மூடி தெறிச்சு, சீலும் கிழிஞ்சிடுச்சு. பாதி கொட்டிடுச்சு. வீட்டுக்கு வந்தேன். அலமாரில போன வருஷத்து டின் பாதி இருந்துச்சு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே நம்பர். அதை இதுல ஊத்தி நிரப்பிட்டேன். கலந்தா என்னன்னு..."

என்ன என்பது அந்த அலமாரிக் கதவிலேயே என் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. 'திறந்த பிரேக் ஆயிலை மறுபடி தொடாதே. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். சூட்டில் கொதிக்கும். மிதி நிற்காது.'

"கதவுல எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

"ஊத்தறப்போ கதவு திறந்திருந்துச்சு. பாக்கல." எச்சில் விழுங்கினார். "கொடுத்துட்டு வந்து, ராத்திரி அலமாரியச் சாத்தறப்பதான் படிச்சேன்."

என் கணவர் ஜன்னல் கண்ணாடியை விரலால் தேய்த்தார்.

"காலையில சொல்லலாம்னுதான் வந்தேன். சத்தியமா. ஆனா உங்க அண்ணன் ஆரம்பிச்சிடுவான். மாப்பிள்ளைக்கு ஒரு டின்னத் தூக்கிட்டு வரக்கூடத் துப்பில்லன்னு, பாக்கறவன்கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஒரு சுத்துதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அந்தக் காலை எனக்குள் மறுபடி முழுதாக விடிந்தது. குனிந்த அவர் தலை. வேர்த்திருந்த நெற்றி. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் ஒரு நாளும் செய்யாதபடி என் பெல்ட்டை மாட்டி, ஒரு தடவை இழுத்து, திருப்தியில்லாமல் இன்னொரு தடவை இழுத்தது. அண்ணன் அதைப் பாசம் என்றான். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நினைவை எடுத்து வைத்துக்கொண்டுதான் மூன்று மாதமாக அவர் தோளில் சாய்ந்தேன்.

அந்த பெல்ட்தான் என்னைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். உண்மைதான். எனக்கு ஒரு பெல்ட்டை இழுத்துவிட்டார். அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எறங்குங்க," என்றேன்.

"இல்லம்மா, நான் வேணும்னே..."

"எறங்குங்க."

அவர் இறங்கினார். பாறையிலிருந்த சிவப்புத் தீற்றலுக்குப் பக்கத்தில் நின்றார். போன் இன்னும் கையில் பேசிக்கொண்டிருந்தது. மேடமும் இறங்கி அவரருகே போய் நின்றுகொண்டு, போலீசுக்குப் போன் போட்டார். மெக்கானிக் அண்ணன் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு, நான் இறங்கி முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

அரைக்கிளட்ச் வண்டியைத் திருப்பத் தயாரானான். "மெதுவாவே போறேன்மா. நடக்கிறவங்க நம்மளத் தாண்டிப் போவாங்க, அவ்வளவு மெதுவா." பிறகு தயங்கினான். பழைய வாத்தியார் பழக்கம் போலிருக்கிறது, அவன் கை என் பக்கம் நீண்டது. "பெல்ட்டு..."

"வேண்டாம்பா," என்றேன். "நானே போட்டுக்கறேன்."

பெல்ட்டின் நாக்கைப் பூட்டில் செருகினேன். முதல் தடவையிலேயே பூட்டு விழுந்தது. ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். போதும் என்று தோன்றியது.